ஹீட் எக்ஸ்சேஞ்சர் டிசைன் டிரெயினிங்: சாஃப்ட்வேர தொடுறதுக்கு முன்னாடி கால்குலேட்டர எடுக்க வெச்ச கிளாஸ்

கிண்டி பக்கம் ஒரு சின்ன டிரெயினிங் சென்டர்ல வீக்எண்ட் பேட்ச் முடிச்சேன், ஷெல் அண்ட் டியூப் எக்ஸ்சேஞ்சர் (ஷெல்லுங்கிற உருளைக்குள்ள டியூப் கட்டு, டியூபுக்குள்ள ஒரு திரவம், வெளிய இன்னொண்ணு, கலக்காமலே சூடு மாறும்) டிசைனும் ரேட்டிங்கும் (இருக்குற எக்ஸ்சேஞ்சர் எவ்ளோ வேல செய்யும்னு கணக்கு பாக்குறது). சாஃப்ட்வேர் ஆஸ்பென் ஈடிஆர், எக்ஸ்சேஞ்சர் டிசைனுக்குன்னே இருக்குற புரோகிராம். பேர் போட்டா விளம்பரம் மாதிரி ஆயிடும், அதனால போடல, ஆனா இந்த மாதிரி கோர்ஸ் தேடுற கெமிக்கல், மெக்கானிக்கல் பசங்க நிறைய பேர் இருக்கீங்க, எத பாத்து சேரணும்னு தெரிஞ்சா காசு வீணாகாது.

முதல்ல பிடிச்ச விஷயம். முதல் கிளாஸ்ல லேப்டாப்ப திறக்கவே விடல. போர்டுல ஒரு கெரோசின் கூலர் எழுதிப் போட்டாரு சார். கெரோசின் செகண்டுக்கு 20 கிலோ, 90 டிகிரில இருந்து 50க்கு எறக்கணும், கூலிங் வாட்டர் 33ல உள்ள வந்து 43ல வெளிய போகுது, கையால போடுங்கன்னுட்டாரு. ஸ்பெசிஃபிக் ஹீட் 2.2னு வெச்சா டியூட்டி (மாத்த வேண்டிய சூடு) 1760 கிலோவாட், தண்ணி செகண்டுக்கு 42 கிலோ, எல்எம்டிடி (ரெண்டு திரவத்துக்கும் நடுவுல இருக்குற டெம்பரேச்சர் வித்தியாசத்தோட லாக் சராசரி) 29.5, எஃப் ஃபாக்டர் (ஓட்டம் முழுசா எதிரெதிரா இல்லாததுக்கு அத திருத்துற நம்பர்) 0.91. யூ, அதாவது சூடு கடத்துற திறன், 350னு எடுத்தா ஏரியா 187 சதுர மீட்டர் பக்கம் வருது, 19.05 எம்எம் டியூப், 6.1 மீட்டர் நீளம், ஆக 512 டியூப். இத்தனையும் ஒரு பக்கத்துல முடிஞ்சிருச்சு.

அதுக்கப்புறம் கேட்டாரு பாருங்க, டியூப்ல தண்ணி எவ்ளோ வேகத்துல போகுதுன்னு. ரெண்டு பாஸ் வெச்சா, அதாவது தண்ணி டியூப் கட்டு வழியா ஒரு தடவ போய் திரும்பி வந்தா, செகண்டுக்கு 0.96 மீட்டர்தான், கூலிங் வாட்டருக்கு ரொம்ப கம்மி, சேறும் ஸ்கேலும் உக்காந்துக்கும். நாலு பாஸ் ஆக்கினா 1.9 வருது, நல்ல வேகம், ஆனா வேகமும் டபுள், தண்ணி ஓடுற நீளமும் டபுள், பிரஷர் டிராப் ஏழு எட்டு மடங்கு ஏறிடும். பம்ப் அத தாங்குமா, கிளையண்ட் அனுமதிச்ச பிரஷர் டிராப்ல இடம் இருக்கா, இல்ல டியூப் நீளத்தையே மாத்தணுமா, இந்த இழுபறிதான் டிசைன்னு அன்னைக்கே மண்டைல ஏத்திட்டாரு.

அடுத்த கிளாஸ்ல அதே கேஸ ஈடிஆர்ல ஓட்டினோம். பேட்ச்ல ஒரு தம்பிக்கு ஓவர் டிசைன் (தேவைக்கு மேல இருக்குற ஏரியா) 40 சதவீதம் வந்துச்சு, சேஃப்டிக்கு நல்லதுதானே சார்னான். சார் அவன திட்டல, ரிசல்ட் ஷீட்ல வெலாசிட்டி லைன மட்டும் காட்டினாரு, 0.8 சொச்சம். டியூப கூட்டக் கூட்ட வேகம் குறையுது, வேகம் குறைஞ்சா ஃபவுலிங் (டியூப்ல அழுக்கு படியறது) கூடுது, சேஃப்டின்னு நெனச்சு சேத்த ஏரியாவே அழுக்கு புடிக்க வழி பண்ணிக் குடுக்குது. எங்கிட்ட கேட்டா ஃபீஸ்ல பாதி இந்த ஒரு எடத்துக்கே குடுக்கலாம். ஆபீஸ்ல எத்தன டேட்டா ஷீட்ல இப்டி 30, 40 பர்சென்ட் ஓவர் டிசைன பாத்துட்டு எல்லாரும் சந்தோஷமா கையெழுத்து போடுறாங்க.

ஷெல் பக்கம் ஓடுற ஃப்ளோவ பிரிச்சு காட்டுனதும் அருமை. கெர்ன் மெத்தட்ங்கிற பழைய கை கணக்குல ஷெல் சைட் மொத்தமும் ஒரே ஓட்டம்னு எடுத்துப்போம், நிஜத்துல ஒரு பங்கு பேஃபிள் (ஷெல்லுக்குள்ள ஓட்டத்த திருப்பி விடுற, டியூப தாங்குற தட்டு) ஓட்டைக்கும் டியூபுக்கும் நடுவுல கசியும், ஒரு பங்கு பேஃபிளுக்கும் ஷெல்லுக்கும் நடுவுல, இன்னொரு பங்கு பண்டில, அதாவது டியூப் கட்ட, சுத்திக்கிட்டு வேல செய்யாமலே ஓடிரும். பண்டில சுத்தி ஓடுறத சீலிங் ஸ்ட்ரிப் (அந்த இடைவெளிய அடைக்கிற பட்டை) வெச்சு மடக்கலாம், ஆனா பேஃபிள் ஷெல் கசிவுக்கு சீலிங் ஸ்ட்ரிப் உதவாது, பேஃபிள் ஸ்பேசிங்லயோ டைப்லயோதான் கை வெக்கணும். எந்த நம்பர பாத்தா எத மாத்தணும்னு இப்டி ஜோடி போட்டு சொல்லிக் குடுக்குற ஆள் கெடைக்கிறது கஷ்டம். வைப்ரேஷனுக்கும் டெமா (எக்ஸ்சேஞ்சர் தயாரிப்பாளர் சங்கத்தோட ஸ்டாண்டர்டு) டேபிள காட்டினாரு, 19.05 எம்எம் கார்பன் ஸ்டீல் டியூபுக்கு சப்போர்ட் இல்லாத நீளம் அதிகபட்சம் 1524 எம்எம், விண்டோல (பேஃபிள்ல வெட்டி விட்ட பகுதி) இருக்குற டியூபுக்கு ஒரு பேஃபிள் விட்டு ஒரு பேஃபிள்தான் சப்போர்ட், அப்போ ஸ்பேசிங் அதுல பாதிதான் வெக்க முடியும்.

பிளான்ட்ல வேல பாக்குறவங்களுக்கு கடைசி பகுதி ரொம்ப யூஸ்ஃபுல். ஓடிக்கிட்டு இருக்குற எக்ஸ்சேஞ்சரோட டேட்டாவ வெச்சு அது எந்த நிலமைல இருக்குன்னு கண்டுபிடிக்கிறது. மொதல்ல ஹாட் சைட் டியூட்டியும் கோல்ட் சைட் டியூட்டியும் ஒத்து வருதான்னு பாக்க சொன்னாரு, ஒத்து வரலன்னா சாஃப்ட்வேர் பக்கமே போகாத, தெர்மோமீட்டரையும் ஃப்ளோ மீட்டரையும் போய் செக் பண்ணுன்னாரு. ஒத்து வந்தப்புறம் ஃபவுலிங்க கண்டுபிடிக்கிற மோடுல ஓட்டினோம். கையாலயும் சரி பாத்தோம், கிளீன் யூ 600, இப்போ வர்றது 400னா ஃபவுலிங் 0.00083. டிசைன்ல குடுத்தது 0.00035தான், ரெண்டு மடங்குக்கு மேல, அப்போ ஷட்டவுன் லிஸ்ட்ல சேத்துற வேண்டியதுதான்.

இப்போ குறை. ஏர் கூலர (ஃபேன் காத்தால ஆற வெக்கிற எக்ஸ்சேஞ்சர்) ஒரு மதியத்துல ஓட்டித் தள்ளிட்டாங்க, ஃபேனு, பே, ஃபின் எல்லாம் ஸ்லைடு ஸ்லைடா பறந்துச்சு, வெளி வெப்பநிலைக்கு எந்த டெம்பரேச்சர எடுக்கணும்னு கூட நின்னு பேசல, நம்ம ஊரு வெயிலுக்கு அதுதான் மொத கேள்வியே. கண்டென்சர் மேலோட்டம், ரீபாய்லர் (டிஸ்டிலேஷன் காலத்துக்கு அடியில திரவத்த கொதிக்க வெக்கிற எக்ஸ்சேஞ்சர்) சுத்தமா இல்ல, ஆனா விளம்பரத்துல ரெண்டும் இருந்துச்சு. இத நேர்லயே சொல்லிட்டேன். அப்புறம் லைசென்ஸ் சிஸ்டத்த விட ஆளுங்க அதிகம், ஒரு லேப்டாப்ல ரெண்டு பேரு, பக்கத்துல இருக்குறவர் வேகமா டைப் பண்ற ஆளா இருந்தா நீங்க வேடிக்கதான் பாப்பீங்க. வீட்ல போய் பிராக்டிஸ் பண்ணவும் வழியில்ல, இந்த சாஃப்ட்வேர் எல்லாம் கம்பெனி லைசென்ஸ்ல ஓடுறது, ஹெச்டிஆர்ஐங்கிற இன்னொரு சாஃப்ட்வேர்னா மெம்பர் கம்பெனிக்குத்தான் குடுப்பாங்க. அதனால லேப் டைம் தனியா தருவாங்களான்னு சேரும்போதே கேளுங்க. லைசென்ஸ் ஒரிஜினலான்னும் கேளுங்க, கிராக் பண்ண காப்பிய வெச்சு கிளாஸ் நடத்துற எடமும் இருக்கு, அந்த ஃபைல ஆபீஸ் சிஸ்டத்துல ஏத்தினா வம்பு உங்களுக்குத்தான்.

காலேஜ் முடிச்ச ஒடனே போறவங்க எல்எம்டிடி, பிரஷர் டிராப் ரெண்டையும் ஒரு தடவ பொரட்டிட்டு போங்க, முதல் நாள் ஸ்பீடு அப்டி. ரெண்டு மூணு வருஷம் பிளான்ட்லயோ ஃபேப்ரிகேஷன் ஷாப்லயோ இருந்தவங்களுக்கு இன்னும் நல்லா ஒட்டும். ரீபாய்லர தனி பேட்ச்சா நடத்தப் போறதா சொல்லிருக்காங்க, அதுலயும் தெர்மோசைஃபன் சர்க்குலேஷன (பம்ப் இல்லாம, கொதிக்கிறதாலயே தானா சுத்துற ஓட்டம்) கையால போட வெப்பீங்களான்னு கேட்டு வெச்சிருக்கேன், ஆமான்னு பதில் வந்தா அன்னைக்கே ஃபீஸ் கட்டிருவேன்.