90,000 சென்னையா, 60,000 மதுரையா?

கல்யாணப் பந்தியில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “தம்பி எவ்வளவு வாங்குறாப்ல?” 90,000 என்றால் தனி மரியாதை. 60,000 என்றால், “பரவால்ல, ஊரோட இருக்கான்ல” என்று ஓர் ஆறுதல். அது எத்தனை மணி நேரத்துக்கான கூலி, அதில் எவ்வளவு அந்த வேலைக்காகவே செலவாகிறது என்று பந்தியில் யாரும் கேட்பதில்லை.

மாதிரிக்கு ஒரு குடும்பம்: கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் பிள்ளை, ஒரே சம்பளம். ஒரு பக்கம் சென்னை சிறுசேரியில் மாதம் 90,000-க்கு ஐடி வேலை, தாம்பரத்தில் வாடகை வீடு. மறுபக்கம் மதுரை இலந்தைகுளம் ஐடி பூங்காவில் 60,000-க்கு வேலை, கே.கே.நகரில் வாடகை வீடு. தொகைகள் உதாரணத்துக்குத்தான், உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் சி.டி.சி.யை, அதாவது உங்களுக்காக நிறுவனம் செலவிடுவதாகக் காட்டும் மொத்தத் தொகையை, போடாதீர்கள். நிறுவனம் கட்டும் பி.எஃப்., அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் என்று காட்டப்படும் கிராஜுவிட்டி (பணிக்கொடை), வந்தால்தான் உண்டு என்கிற வேரியபிள் பே எல்லாம் அதில் ஏறி உட்கார்ந்திருக்கும். மாதாமாதம் வங்கியில் விழும் தொகை மட்டுமே கணக்கு.

சென்னையில் அலுவலகம் 9 மணி நேரம், போகவர இரண்டரை, வீடு திரும்பியபின் அரை மணி நேரம் அலுவலக போன் கால். நாளுக்கு 12 மணி நேரம், மாதத்தின் 22 வேலை நாளுக்கு 264 மணி நேரம். இனி அந்த வேலையால் மட்டுமே வரும் செலவுகள். மதுரையைவிடக் கூடுதல் வாடகை 9,000 (18,000-க்கும் 9,000-க்கும் உள்ள வித்தியாசம்), பெட்ரோலும் வண்டி சர்வீஸும் 4,500, அலுப்பில் வெளியே வாங்கும் சாப்பாடு 4,000, பள்ளி மற்றும் வேன் கட்டண வித்தியாசம் 3,500, ஊருக்குப் போய்வர சராசரி 3,000. மொத்தம் 24,000. மிச்சம் 66,000. மணிக்கு 250 ரூபாய்.

மதுரையில் 9 மணி நேர வேலை, போகவர 40 நிமிடம். மாதம் 213 மணி நேரம். பெட்ரோல் 1,500 போக 58,500. மணிக்கு 275.

மாத முடிவில் சென்னைதான் 7,500 கூடத் தருகிறது, மறுப்பதற்கில்லை. அதற்காகக் கொடுப்பது 51 மணி நேரம். அதாவது, பிள்ளை விழித்திருக்கும் அந்த மாலை நேரம் மணிக்கு 147 ரூபாய்க்குப் போகிறது. இந்த விலை கட்டுமா என்பதுதான் உண்மையான கேள்வி.

அடுத்து, சம்பளம் நின்றால் எத்தனை மாதம் தாங்கும்? மதுரை வாடகையும் சேர்த்து அடிப்படைக் குடும்பச் செலவு 38,000 என்று வைத்தால், சென்னையில் மாதம் 28,000 மிஞ்சும், மதுரையில் 20,500. ஓராண்டுச் சேமிப்பு 3,36,000, 2,46,000. வேலை போனதும் பெட்ரோலும் வெளிச்சாப்பாடும் நிற்கும். வாடகையும் பள்ளிக் கட்டணமும் ஊர்ப் பயணமும் நிற்காது. எனவே சென்னையின் மாதச் செலவு 53,500, மதுரையில் 38,000. அங்கே ஆறே கால் மாதம், இங்கே ஏறக்குறைய ஆறரை. 90,000 ரூபாய் அதிகம் சேர்த்தவரே முதலில் கையை விரிக்கிறார்.

சென்னையில் ஃபிளாட் வாங்கிவிட்டால் கதை இன்னும் இறுகும். 50 லட்சம் கடன், 8.5 சதவீதம், 20 ஆண்டு என்றால் தவணை சுமார் 43,400. முதல் மாதத் தவணையில் 35,400 வட்டிக்கே சரி. வாடகை மிச்சமானாலும் 25,400 கூடுதல் சுமை. 28,000 சேமிப்பு 2,600 ஆகிவிடும். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் கண்ணுக்கு இது தெரியாது.

இதற்காக மதுரைக்குக் கண்ணை மூடிக்கொண்டு கிளம்பவும் வேண்டாம். சென்னையின் ஐடி நிறுவனங்கள் வரிசையாக இருக்கும் ஓ.எம்.ஆர். சாலையில் வேலை போனால் வீட்டை மாற்றாமலே அடுத்த கம்பெனி தேடலாம். மதுரையில் நிறுவனங்கள் குறைவு. கடைசியில் மறுபடி சென்னையில் அட்வான்ஸ் கட்டி நிற்க நேரலாம். ஊதிய உயர்விலும் இடைவெளி விரியும்: அங்கே ஆண்டுக்கு 8 சதவீதம், இங்கே 5 என்று கொண்டால், பத்தாண்டில் ஒன்று 1,94,000, மற்றது 97,700. மனைவிக்கும் சென்னையில்தான் வேலை கிடைக்கும் என்றால் மேலே போட்ட கணக்கே செல்லாது. வாரம் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை என்றாலும் அப்படித்தான். பயணம் குறைந்து சென்னையின் மணிக்கூலி 290-ஐத் தாண்டிவிடும். ஆனால் அந்தச் சலுகை வாய்ச்சொல்லாக இருக்கக் கூடாது, ஆஃபர் லெட்டரில் எழுத்தாக இருக்க வேண்டும்.

கல்யாணமாகாத 25 வயதுக்காரருக்குச் சென்னைதான் சரி. அந்த வயதில் தொழில் கற்பதே பெரிய வரவு. சின்னப் பிள்ளையும் எழுபதைத் தொடும் பெற்றோரும் இருப்பவருக்கு மதுரை, ஆனால் ஒரு வருடச் செலவைக் கையில் ஒதுக்கிய பிறகு.

கணக்குப் போட உட்காரும் முன் இரண்டு வாரம் வீட்டை விட்டுக் கிளம்பிய நேரத்தையும் திரும்பிய நேரத்தையும் போனில் குறித்து வையுங்கள். நினைவிலிருந்து எழுதினால் பயணம் எப்போதும் “முக்கால் மணி நேரம்” என்றுதான் வரும். மழை பெய்த செவ்வாய்க்கிழமை அதில் இருக்காது.