கெரோஸா, ஜெராவா: மூக்கின் கூரையை எதை வைத்து அளப்பது?

சைனஸ் அறுவை சிகிச்சைக்கு முன் எடுக்கும் சிடி ஸ்கேன் அறிக்கையில் 'கெரோஸ் வகை 1', அதாவது மூக்கின் கூரையில் பள்ளம் அதிக ஆழமில்லை என்று இருந்தால் பலருக்கு அப்பாடா என்று இருக்கும். எனக்கு அந்த நிம்மதி வருவதில்லை.

மூக்கின் கூரைதான் மூளைக்குத் தரை. நடுவில் முகர்வு நரம்பிழைகள் இறங்கிவரும் சல்லடைத் தட்டு கொஞ்சம் பள்ளமாகக் கிடக்கிறது. அந்தப் பள்ளத்தின் பக்கச் சுவருக்கு லேட்டரல் லமெல்லா என்று பெயர். மண்டையோட்டு அடித்தளத்திலேயே மெல்லிய எலும்பு அது. சில இடங்களில் 0.05 மி.மீ. கனம்தான். கருவி பட்டு உடைந்தால் மூளைத் தண்டுவட நீர் மூக்கு வழியே ஒழுகும்.

1962இல் கெரோஸ் என்ற ஆய்வாளர் அளந்தது பள்ளத்தின் ஆழத்தை. 1 முதல் 3 மி.மீ. வரை முதல் வகை, 4 முதல் 7 வரை இரண்டாவது, 8 முதல் 16 வரை மூன்றாவது. ஆழம் கூடக் கூட மெல்லிய சுவரும் உயரும், ஆபத்தும் கூடும். முகத்துக்கு நேரான கொரோனல் படத்தில் ஒரு கோடு போட்டால் வேலை முடிந்தது. அறுபது ஆண்டுகளாக நிலைத்திருப்பதற்கு அந்த எளிமையே காரணம்.

2018இல் வந்த ஜெரா முறை சுவரின் சாய்வைப் பார்க்கிறது. சல்லடைத் தட்டின் மட்டத்தோடு சுவர் செய்யும் கோணம் 80 பாகைக்கு மேல் என்றால் ஆபத்து குறைவு, 45க்குக் கீழே போனால் அதிகம்.

இரண்டும் முரண்படும் இடம்தான் சுவாரஸ்யம். ஒருவருக்கு ஆழம் 3 மி.மீ., கோணம் 40 பாகை. இன்னொருவருக்கு 7 மி.மீ., 85 பாகை. கெரோஸ் கணக்கில் முதலாமவர் பத்திரம். ஆனால் கீழிருந்து மேலே போகும் கருவியின் நுனியிலிருந்து பாருங்கள்: முதலாமவரின் சுவர் படுத்துக் கிடப்பதால் சுமார் 3.6 மி.மீ. அகலத்துக்கு மெல்லிய எலும்பு நேர் எதிரே விரிந்திருக்கிறது. இரண்டாமவருக்கு அது 0.6 மி.மீ. மட்டுமே. அதற்காகக் கெரோஸைத் தூக்கிப்போட வேண்டாம். கருவி பக்கவாட்டில் நடுக்கோட்டை நோக்கிப் போனால் அந்த 7 மி.மீ. சுவர்தான் இடிபடும். ஒன்றைத்தான் எழுதலாம் என்றால் நான் கோணத்தை எழுதுவேன்.

மூன்றாவதாக டிஎம்எஸ் (தாய்லாந்து-மலேசியா-சிங்கப்பூர்) முறை என்று ஒன்று உண்டு. கண்குழியின் தரையிலிருந்து சல்லடைத் தட்டு எவ்வளவு உயரம் என்று பார்க்கும். அறுவையின்போதே கண்ணில் படும் அடையாளம் என்பது அதன் பலம்.

சரி, மூக்குத்தண்டு வளைவும், காற்றடைத்த நடுச் சங்கெலும்பும் (மூக்குக்குள் சுருண்டு நீளும் எலும்பு) கூரையைப் பற்றி ஏதாவது சொல்லுமா? அவற்றை வைத்துக் கூரையின் ஆழத்தை ஊகிக்க நான் துணிய மாட்டேன்; ஆய்வுகளின் முடிவுகள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. கண்குழிக்கு மேல் காற்றறை பரவியிருப்பது வேறு விஷயம். அப்படி இருந்தால் கூரையை ஒட்டி ஓடும் முன் எத்மாய்டு தமனி என்ற இரத்தக் குழாய் கூரையை விட்டு விலகித் தொங்க வாய்ப்பு அதிகம். வெட்டுப்பட்டால் தமனி கண்குழிக்குள் சுருங்கி அங்கே இரத்தம் கட்டும், பார்வைக்கே ஆபத்து. இதைக் கெரோஸ் எண்ணும் சொல்லாது, ஜெரா கோணமும் சொல்லாது.

அப்புறம், இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரே ஒரு எண் போட்ட அறிக்கை கைக்கு வந்தால், அது எந்தப் பக்கத்துக்கு என்று கேளுங்கள்.