கைத்தறிச் சட்டையா, பாலியஸ்டர் சட்டையா?

ஓணம், தீபாவளி வந்தால் நாகர்கோவிலில் தெரிந்தவர்கள் கேட்பது இதுதான். இரண்டையும் உடுத்தித் துவைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

விலை: பாலியஸ்டர் 350 ரூபாய்க்கே கிடைத்தது. கைத்தறிக்கு 900 கொடுத்தேன்.

உழைப்பு: கைத்தறி நாலு வருஷமாக ஓடுகிறது, காலர்தான் நைந்திருக்கிறது. பாலியஸ்டர் கிழியவே இல்லை. ஆனால் ஆறே மாதத்தில் அக்குளில் உருண்டை உருண்டையாக நூல் திரண்டது, துவைத்தாலும் வியர்வை வாடை போகவில்லை.

பராமரிப்பு: இதில் பாலியஸ்டருக்கே என் ஓட்டு. இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் கைத்தறி காய்வதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். இஸ்திரி வேறு.

மண்ணும் தண்ணீரும்: பாலியஸ்டர் பெட்ரோலியத்தில் பிறந்த பிளாஸ்டிக். ஒவ்வொரு சலவையிலும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் உதிரும். சாக்கடை வழி எங்கள் ஊர்ப் பழையாற்றில் சேர்ந்தால், அடுத்த இடம் மணக்குடிக் கடல். கைத்தறிச் சட்டையின் பருத்தியும் சுத்த சைவம் இல்லை. ஒரு டீ-ஷர்ட்டுக்கான பருத்திக்குச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் என்பார்கள். ஆனால் கைத்தறிக்கு நெய்ய மின்சாரம் வேண்டாம்.

நெய்தவர், தைத்தவர்: 2013இல் வங்கதேசத்தில் ராணா பிளாசா என்ற உடுப்புத் தொழிற்சாலைக் கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள், மலிவு உடுப்பு தைத்த கைகள். எங்கள் பக்கம் வடசேரியிலோ இரணியலிலோ கைத்தறி வாங்கினால் தறிச்சத்தத்தையே கேட்கலாம். துணியின் கரையோரம் ஊசி குத்தினாற்போல் பொடித் துளைகள் இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் கைத்தறிதான்.

மழைக்காலப் பயணம், விளையாட்டு என்றால் பாலியஸ்டர். ஆபீஸ், கோயில், கல்யாணம் எல்லாவற்றுக்கும் கைத்தறி. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் இரண்டையும் வாங்காதீர்கள். பால் கறை போகாது, பழைய சட்டையே போதும்.