எஸ்.பி.எம்மா, கோலேஜ் வொகேஷனலா? எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு

மூத்தவள் மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டிலேயே இடைநிலைப்பள்ளியில் படித்து, படிவம் 5 முடிவில் வரும் எஸ்.பி.எம் அரசுத் தேர்வை எழுதி, இப்போது ஆறாம் படிவத்தில் இருக்கிறாள். சின்னவன் படிவம் 3 (இடைநிலைப்பள்ளியின் மூன்றாம் ஆண்டு) முடிந்த கையோடு கோலேஜ் வொகேஷனல் என்ற அரசாங்கத் தொழிற்கல்லூரிக்குப் போய்விட்டான். எலெக்ட்ரிக்கல், இரண்டாம் ஆண்டு. இது தெரிந்தவர்கள் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) என்னைப் பிடித்து நிறுத்தி, “அண்ணே, என் பையனை எங்கே போடலாம்?” என்று கேட்கிறார்கள். ஒரு கையில் மீன் பையோடு நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற விஷயமில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நான் கோலேஜ் பக்கம் சாய்ந்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

செலவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. இரண்டும் அரசாங்கத்துடையவை, தனியார் கல்லூரிக் கட்டணத்தோடு ஒப்பிடவே முடியாது. கோலேஜில் அஸ்ராமா (தங்கும் விடுதி) உண்டு. முதல் மாதம் என் மனைவி வெள்ளிக்கிழமைதோறும் போன் போட்டு “சைவம்தானே சாப்பிட்டே?” என்று கேட்டாள். இப்போது கேட்பதில்லை. என்ன பதில் வரும் என்று அவளுக்கே தெரியும்.

எங்கள் தலைமுறைக்கு வொகேஷனல் என்றால் படிப்பு ஏறாத பிள்ளைகளைத் தள்ளிவிடும் இடம். அந்தக் கணக்கு பழையது. 2012 தொடங்கி அந்தப் பள்ளிகளைக் கோலேஜ்களாக மாற்றினார்கள். படிவம் 4, 5 வயதில் முதல் இரண்டு ஆண்டு படித்தால் எஸ்.வி.எம் என்ற தொழிற்கல்விச் சான்றிதழ். தகுதி இருந்தால் அங்கேயே தொடர்ந்து டிப்ளோமா. கடைசிக் கட்டத்தில் கம்பெனிக்குப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். எஸ்.பி.எம் முடித்துவிட்டு ஈப்போவில் பாலிடெக்னிக் உங்கு ஒமார் போன்ற இடத்தில் டிப்ளோமா எடுப்பவனோடு ஒப்பிட்டால், இவன் கையில் டிப்ளோமா ஏறக்குறைய ஒரு வருஷம் முன்னதாக வரும். ஆனால் ஒரு வருஷ லாபத்துக்காக மட்டும் இந்த முடிவை எடுக்காதீர்கள்.

நான் ஏன் சாய்ந்தேன் என்பதற்கு என் ஆலைதான் காரணம். இருபத்திரண்டு வருஷமாகச் செம்பனை ஆலையில் வேலை. என்னோடு ஒரே நாளில் சேர்ந்த ஒருவர் எரிசக்தி ஆணையத்தின் சார்ஜ்மேன் டிக்கெட்டை, அதாவது மின் அமைப்புகளைப் பொறுப்பேற்று இயக்கும் தகுதிச் சான்றிதழை, எழுதி வாங்கினார். நான் ‘நாளைக்குப் பார்த்துக்கலாம்’ என்று விட்டேன். இன்று மின்தடை வந்தால் மேனேஜர் கூப்பிடுவது அவரை, டார்ச்லைட் பிடிப்பது நான். எங்கள் டவுனில் எஸ்.பி.எம்மில் மூன்று நான்கு பாடம் மட்டும் தேறிய பையன்கள் தொழிற்சாலை பஸ் ஏறிப் போய் குறைந்தபட்ச சம்பளமான 1,700 வெள்ளியில் (ரிங்கிட்டில்) நிற்கிறார்கள். சோம்பேறிகள் இல்லை. கையில் சொல்லிக்கொள்ள ஒரு டிக்கெட் இல்லை, அவ்வளவுதான்.

இனி நான் நிறையப் பேச வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். பையனுக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியுமா, மோட்டாரைக் கழற்றி மாட்டுவானா என்றுதான் எல்லாரும் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். பார்க்க வேண்டியது மலாய்க் கட்டுரையை.

காரணம் இது. இடைநிலைப்பள்ளியில் பிள்ளை எட்டு ஒன்பது பாடம் எழுதுகிறது. மலாயும் சரித்திரமும் தேறாவிட்டால் அங்கேயும் எஸ்.பி.எம் சான்றிதழ் கிடையாது, அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் தேறிவிட்டால், மலாயில் கிரெடிட் (வெறும் தேர்ச்சிக்கு மேலான தரம்) தவறினாலும் கணக்கு, அறிவியல், தமிழ் என்று காட்ட வேறு பாடங்கள் இருக்கும். கோலேஜ் பிள்ளை எஸ்.பி.எம் தாளுக்கு ஈடாக எழுதுவது மலாய், சரித்திரம் இரண்டு மட்டும். மற்றதெல்லாம் செமஸ்டர் மதிப்பெண். அவனுடைய எஸ்.வி.எம்-ஐ மூன்று எஸ்.பி.எம் கிரெடிட்டுக்கு ஈடாக அரசாங்கம் ஏற்க வேண்டுமென்றால், செமஸ்டர் சராசரிகள் ஒருபுறம் இருக்க, மலாயில் கிரெடிட் வேண்டும், சரித்திரம் தேற வேண்டும். ஒயரிங்கில் அவன் வகுப்பிலேயே முதலாவதாக இருந்தாலும் மலாய்க் கிரெடிட் இல்லையென்றால் அந்த ஈடு இல்லை. பிறகு ரிப்பீட் தாள் எழுதலாம்தான், ஆனால் பட்டறையும் பயிற்சியுமாக ஓடும்போது அதற்கு உட்காருவது யார்?

தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு இது இன்னும் கூர்மையாகக் குத்தும். என் மகன் வாயால் பேசும் மலாய் நன்றாக ஓடும், கடைக்காரரோடு பேரம் பேசுவான். எழுதச் சொன்னால் வாட்ஸ்அப் மலாய்தான் வரும். படிவம் 3-இல் பி.டி.3 என்ற பொதுத் தேர்வு இருந்தவரை அதன் மதிப்பெண்ணாவது நமக்கு ஒரு எச்சரிக்கை கொடுத்தது. 2022-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். இப்போது பள்ளி மதிப்பெண்ணை மட்டும் நம்பி இருக்காமல், கட்டுரைத் தாளை வாங்கி ஒரு மலாய் ஆசிரியரிடம் காட்டுங்கள். ‘இந்த எழுத்து இரண்டு வருஷத்தில் கிரெடிட் வாங்குமா?’ என்று கேளுங்கள். நான் கேட்காமல் அனுப்பிவிட்டேன். முதல் ஆண்டு பாதியில்தான் எனக்கே உறைத்தது.

இன்னொரு இழப்பையும் சொல்லியாக வேண்டும். கோலேஜில் என் மகனுக்குத் தமிழ் வகுப்பு இல்லை. மூத்தவள் தமிழும் தமிழ் இலக்கியமும் எழுதினாள். இவன் எழுத வேண்டுமென்றால் தனியார் பரீட்சார்த்தியாகப் பதிந்து, தானே படித்து எழுத வேண்டும். எழுத மாட்டான், எனக்குத் தெரியும். இதில் எனக்கு வருத்தம் உண்டு.

மனம் மாறும் பிள்ளைக்குக் கோலேஜ் கஷ்டம். ஒரு வருஷம் கழித்து ‘எனக்கு இது வேண்டாம்ப்பா’ என்று திரும்பி வந்தால், படிவம் 4 பாடங்களைத் தொடாமல் நேரே படிவம் 5 பிள்ளைகளோடு உட்கார வேண்டியிருக்கும். இடைநிலைப்பள்ளியில் அந்தக் கவலையில்லை. பதினைந்து வயதில் ஒன்றும் முடிவாகாத பிள்ளைக்கு எஸ்.பி.எம் முடித்துப் பிறகு பாலிடெக்னிக்கோ கியாட்மாரா தொழிற்பயிற்சி மையமோ போவதே நல்லது. மூத்தவள் அப்படிப்பட்டவள். நர்ஸா, ஆசிரியையா, கணக்காளரா என்று இன்னும் வாரத்துக்கு ஒன்று சொல்கிறாள். அவளைக் கோலேஜில் போட்டிருந்தால் தப்பாகியிருக்கும்.

டிப்ளோமாவுக்குப் பிறகு வேலை எப்படி, பட்டப்படிப்புக்குள் எளிதாக நுழைய முடிகிறதா என்பதை என் மகனை வைத்துச் சொல்ல இன்னும் சில வருஷம் ஆகும். சமையல், அழகுக்கலை போன்ற பிரிவுகளும் எனக்குப் பழக்கமில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள்: நீங்கள் பார்க்கும் கோலேஜின் அந்தக் குறிப்பிட்ட டிப்ளோமா, படிப்புகளுக்குத் தர அங்கீகாரம் தரும் எம்.கியூ.ஏ-வின் பதிவேட்டில் இருக்கிறதா என்று விண்ணப்பத்துக்கு முன்பே பாருங்கள். அதோடு எஸ்.கே.எம் (தொழில்திறன் சான்றிதழ்) எந்த நிலைவரை கிடைக்கும் என்றும் கேளுங்கள். கேட்டால் சங்கடப்படுவார்களோ என்று தயங்காதீர்கள். நான் தயங்கினேன், அதனால் மூன்று தடவை நடந்தேன்.

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அவன் வீட்டுக்கு வருகிறான். வந்தால் தவறாத வேலை, ஞாயிறு மதியம் பஸ்ஸுக்கு முன் அக்காளோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒரு மலாய்க் கட்டுரை. அவள் சிவப்புப் பேனாவால் கிழிக்கிறாள், இவன் முறைக்கிறான். போன தடவை ஒரு பக்கத்தில் பதினோரு சிவப்பு. அதற்கு முந்தியது பத்தொன்பது.