ஒரே குளம், ஆறு வருஷம்: எது உழைத்தது, எது பரணுக்குப் போனது

இங்கிலாந்துக்கு வந்த மறு வருஷமே இந்தத் தூண்டில் போடும் கிறுக்கு பிடித்துவிட்டது. வீட்டிலிருந்து இருபது நிமிஷத்தில் ஒரு தனியார் குளம், இரண்டு ஏக்கர் இருக்கும். நாள் சீட்டு வாங்கிக்கொண்டு உட்காரலாம். கெண்டைதான் பிரதானம். கூடவே டென்ச், பிரீம், ரோச், பெர்ச் எல்லாம் உண்டு.

சட்டத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 13 வயது நிரம்பியவர்களுக்கு ராட் லைசென்ஸ், அதாவது தூண்டில் கோலுக்கான அரசு அனுமதி, கட்டாயம். குளத்துச் சீட்டு வாங்கிவிட்டால் லைசென்ஸ் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள், இரண்டும் தேவை. ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை இந்த மீன்களுக்குத் தூண்டில் போடக் கூடாது. குளங்களில் பெரும்பாலும் அந்தத் தடை கிடையாது. என் குளத்தில் பிடித்த மீனைத் திரும்ப விட்டே ஆகவேண்டும். “குழம்பு வைக்காத மீனுக்கு எதுக்குடா காசு குடுக்குற?” என்று ஊரிலிருந்து அத்தை இன்றைக்கும் கேட்கிறாள்.

ஆரம்பத்தில் கடைக்காரர் சொன்னதையெல்லாம் வாங்கினேன். 12 அடி ராட் இரண்டு, பெரிய ரீல், மீன் இழுத்தால் கத்துகிற அலாரம் இரண்டு, அதையெல்லாம் தாங்க ஒரு ஸ்டாண்ட். அலாரம் முதல் மழையிலேயே மீன் இல்லாமல் கத்த ஆரம்பித்தது, இரண்டாவது குளிர்காலத்தோடு வாயை மூடிக்கொண்டது. ராட்கள் மட்டும் குறையில்லாமல் இருக்கின்றன. ஒருமுறை ரீலின் பிடியைத் தளர்த்தி வைக்காமல் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். கெண்டை ஒன்று ராடையே குளத்துக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மீட்டேன். தப்பு என்னுடையது.

மூன்று வருஷம் நடுக்குளத்தைக் குறிபார்த்தே வீசிக்கொண்டிருந்தேன். ஒரு சாயங்காலம் மூட்டை கட்டும்போது மிச்சமிருந்த மக்காச்சோள மணிகளைக் காலடியில், நாணல் ஓரமாகக் கொட்டினேன். பத்து நிமிஷத்தில் அந்த இடத்தில் சேறு கலங்கி எழும்பியது. அகலமான வால் ஒன்று தண்ணீருக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. எனக்கும் அதற்கும் நடுவே நான்கடிகூட இல்லை. அன்றிலிருந்து தூரமாக வீசுவதை விட்டுவிட்டேன். கெண்டைப் பைத்தியங்களின் திருத்தலமான ரெட்மயர் குளமே ஏறக்குறைய மூன்று ஏக்கர்தான். 1952இல் ரிச்சர்ட் வாக்கர் 44 பவுண்டுக் கெண்டையை அங்கேதான் பிடித்தார். 1980இல் கிறிஸ் யேட்ஸ் 51½ பவுண்டு பிடித்து அதை முறியடித்ததும் அதே குளத்தில்தான். சின்னக் குளத்தில் மீனுக்கு ஓடி ஒளிய எவ்வளவு இடம் இருந்துவிடப் போகிறது?

கரையோரத்துக்குத் தக்கையே போதும். நான் பண்ணுவது இதுதான்: ஒரு ஈயக்குண்டைத் தூண்டில் முள்ளிலிருந்து நாலு விரற்கடை தள்ளித் தங்கூசியில் (தூண்டில் நரம்பில்) கடித்துப் பொருத்தி, அது தரையில் கிடக்கும்படி ஆழம் பார்த்து வைப்பேன். டென்ச் இரையை எடுத்துத் தலையை நிமிர்த்தும்போது குண்டும் கூடவே எழும்பும். தக்கைக்குப் பாரம் குறைந்துவிடும். அதனால் தக்கை மூழ்காது, மேலே எழும்பி அப்படியே படுத்துக்கொள்ளும். சின்ன வயசிலிருந்து தக்கை முங்கினால் இழு என்று பழகிய கைக்கு இது பிடிபட ஒரு சீசனே ஆனது. டென்ச் வருவதை அதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம், ஊசிமுனைக் குமிழிகள் சரம்சரமாகக் கிளம்பும். ஆலிவ் பச்சை உடம்பு, கையில் நிற்காத வழுவழுப்பு, சிவப்புக் கண். அழகில் எனக்குக் கெண்டையைவிட இதுதான் ஒரு படி மேல்.

கெண்டைக்கென்றே இறங்கும் நாளில் மெத்தட் ஃபீடர், அதாவது இரையைச் சுமந்துகொண்டு அடியில் போய் உட்காரும் கனமான சின்னக் கூடு. ஊறவைத்த குருணை இரையை அதன் மேல் அச்சில் வைத்து அழுத்தி, சாண் நீளம்கூட வராத தங்கூசியில் முள்ளைக் கட்டுவது. உருண்டை இரையை முள்ளில் குத்தாமல், அதன் வளைவிலிருந்து தொங்கும் மெல்லிய இழையில் கோர்க்க வேண்டும். கெண்டை உறிஞ்சிப் பார்த்து, பிடிக்கவில்லையென்றால் துப்பிவிடும். துப்பும்போது வெறும் முள் உதட்டில் மாட்டிக்கொள்ளும். தாடையில் பல் கிடையாது, அரைக்கும் பல்லெல்லாம் தொண்டையில்தான். அதனால் விரலை விட்டு முள்ளைக் கழற்றப் பயப்பட வேண்டியதில்லை. பெர்ச் விஷயம் வேறு, அது புழுவை வயிறுவரை விழுங்கிவிடும். அதற்கு நீளமான முள்ளெடுப்பான் இல்லாமல் போகாதீர்கள்.

செலவழித்ததில் வீண்போகாதவை மீனைக் கிடத்தும் மெத்தையும், முடிச்சில்லாத மென்மையான கைவலையும். முள்ளிலும் எதிர்முள் (கழன்று வராதபடி பின்னோக்கி நிற்கும் கூர்) இருக்கக் கூடாது என்பது குளத்து விதி. வேறு குளத்துக்குப் போய்வந்தால் வலையை நன்றாகக் காயவைத்துவிட்டுத்தான் இங்கே நனைக்க வேண்டும். கோய் ஹெர்பிஸ் வைரஸ் ஒரு குளத்தில் புகுந்தால் கெண்டை கூட்டமாகச் செத்து மிதக்கும்.

டிசம்பர், ஜனவரியில் கெண்டையை நம்பிப் போவதில்லை. தண்ணீர் சில்லிட்டுவிட்டால் அதற்குப் பசியே எடுக்காது. அப்போது ஈப்புழுவும் சின்ன முள்ளுமாக ரோச் பிடிப்பேன். காற்று எந்தக் கரையை அடிக்கிறதோ அங்கே உட்காருவது கோடையில் நல்லது, குளிரில் மூக்கொழுகும்.

அலாரம் இரண்டும் பரணில் கிடக்கின்றன. ஸ்டாண்டை மனைவி தக்காளிச் செடிக்கு முட்டுக்கொடுத்திருக்கிறாள். காய் பிடித்துவிட்டது, இனிமேல் அது எனக்குத் திரும்பி வராது.