செகண்ட் ஹேண்ட் துணி, அதற்கு ஒரு ஸ்டைலிஸ்ட்: கொடுத்த காசுக்குத் தகுமா?

பழைய துணிக் கடைகளை மணிக்கணக்கில் அலசுவதையே பொழுதுபோக்காக வைத்திருந்த ஒருவர், அதையே தொழிலாக்கி, இப்போது மற்றவர்களுக்கு உடை தேடித்தருகிற ஸ்டைலிஸ்டாக இருக்கிறார். அவரிடம் முழு சேவையையும் எடுத்துப் பார்த்தேன். முதலில் அலமாரிச் சோதனை, அப்புறம் செகண்ட் ஹேண்ட் கடைகளிலும் ஆப்களிலும் எனக்காகத் தேடுவது, கடைசியாக எதை எதோடு போடலாம் என்று படங்களோடு ஒரு தொகுப்பு. முதலாவது அருமை. இரண்டாவது சில நிபந்தனைகளோடு நல்லது. மூன்றாவது இல்லாவிட்டால் குடி ஒன்றும் முழுகிப்போகாது. அவர் பெயரைப் போடவில்லை, குறைகளும் சொல்லப் போகிறேன், அவர் தனியாளாக நடத்துகிறவர். இந்த வேலை செய்கிற யாரிடம் போனாலும் கவனிக்க வேண்டியவை ஏறக்குறைய இவைதான்.

அளவிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஆள் விஷயம் தெரிந்தவர் என்று எனக்குப் புரிந்தது அங்கேதான். "உங்க சைஸ் என்ன?" என்று அவர் கேட்கவே இல்லை. எனக்கு நன்றாகப் பொருந்துகிற ஒரு சட்டையையும் ஒரு பேன்ட்டையும் எடுத்துவரச் சொன்னார். மேஜைமேல் சுருக்கம் இல்லாமல் பரப்பி, டேப்பை வைத்து அக்குளுக்கு அக்குள், தோளுக்குத் தோள், கை நீளம், இடுப்புப் பட்டி, பட்டியிலிருந்து கவட்டைத் தையல் வரை என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். ஆளை அளக்காமல் துணியை அளப்பதற்குக் காரணம் இருக்கிறது: டீபாப், வின்டெட் மாதிரி ஆப்களில் அக்கறையாக விற்கிறவர்கள் உடையைத் தட்டையாகப் போட்டு அளந்துதான் பதிவிடுகிறார்கள், அதோடு ஒப்பிட்டுப் பார்க்க அதே மாதிரி எடுத்த அளவு நம்மிடம் இருக்க வேண்டும். லேபிளில் இருக்கிற எண்ணை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. அமெரிக்காவில் பெண்கள் உடைக்கென்று 1958-ல் ஒரு பொது அளவுத் தரம் வந்தது, 1983-ல் அதை எடுத்தேவிட்டார்கள், ஆளாளுக்கு ஓர் அளவு என்றுதான் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய உடையில் 12 என்று போட்டிருந்தால் இன்றைக்கு 12 போடுகிறவருக்கு அது ஏறாது. இது போதாதென்று, முன்பு வைத்திருந்தவர் வெந்நீரில் போட்டுச் சுருக்கியிருக்கலாம், டெய்லரிடம் கொடுத்துப் பிடித்திருக்கலாம். புதுத் துணிக் கடையில் ஒரு சைஸ் சரியில்லை என்றால் அடுத்ததைக் கேட்கலாம். இங்கே இருப்பதே ஒன்றுதான்.

அலமாரிச் சோதனை என்றதும், பாதியைத் தூக்கிப்போடச் சொல்வார் என்று நினைத்துப் போனேன். அப்படித்தானே வீடியோக்களில் எல்லாம் செய்கிறார்கள். இவர் எதையும் தூக்கிப்போடச் சொல்லவில்லை. நான் போடாமல் மாட்டி வைத்திருந்த ஒவ்வொன்றையும் போட்டுக் காட்டச் சொல்லி, "இதை ஏன் போடறதில்ல?" என்று கேட்டார். "பிடிக்கல" என்றால் விடமாட்டார். எங்கே பிடிக்கவில்லை, உட்கார்ந்தால் இழுக்கிறதா, கையைத் தூக்கினால் சட்டையே மேலே வருகிறதா, நிறமா, காலரா என்று குடைந்து குடைந்து கேட்டதில், பல உடைகளில் பிரச்சினை வெறும் நீளம்தான் என்று தெரியவந்தது. பேன்ட்டின் கீழ் மடிப்பைத் திருப்பிப் பார்த்து உள்ளே துணி இருக்கிறதா என்று விரலால் தடவினார். இருந்தவற்றை டெய்லரிடம் அனுப்பச் சொன்னார், கூடவே ஓர் எச்சரிக்கை: மடிப்பை இறக்கினால் பழைய மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கோடு தெரியும், கறுப்பிலும் டெனிமிலும் ரொம்பவே தெரியும். ஒரு கோட் வந்தபோது மட்டும் உதட்டைப் பிதுக்கினார். அதன் தோள் பெரிது. இடுப்பைப் பிடிக்கலாம், கையைக் குறைக்கலாம், தோளைக் குறைக்க வேண்டுமென்றால் கையையே பிரித்துத் திரும்ப ஏற்ற வேண்டும், அந்தக் கூலிக்கு வேறு கோட்டே வாங்கிவிடலாம் என்றார். இதில் எதிலும் அவருக்கு ஒரு பைசா கூடுதல் வருமானம் கிடையாது. புதிதாக வாங்க வேண்டியவற்றின் பட்டியல் பாதியாகக் குறைந்துபோனது, அதாவது அவருடைய அடுத்த கட்ட வேலையே குறைந்தது. நம்பிக்கை வந்தது இதில்தான்.

தேடுவதற்கு ஒருமுறை என்னையும் கூட அழைத்துப்போனார். வேடிக்கை பார்க்கவாவது போகலாம். கம்பியில் வரிசையாகத் தொங்குகிற துணிகளை அவர் பார்ப்பதில்லை, விரல்களை ஓட்டிக்கொண்டே நடக்கிறார், கை நிற்கிற இடத்தில்தான் கண் போகிறது. நல்ல பருத்தி, கம்பளி, பட்டு, லினன் எல்லாம் தொட்டாலே தெரியும், முதலில் துணி, அப்புறம்தான் நிறமும் டிசைனும் என்றார். எடுத்த உடையை முதலில் உள்பக்கம் திருப்புகிறார். அக்குளில் கறையா, அல்லது துணியே விறைத்துப்போயிருக்கிறதா. காலரின் உள்மடிப்பு நைந்திருக்கிறதா. தொடைக்கு நடுவே துணி மெலிந்திருக்கிறதா. கம்பளி என்றால் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கிறார், பூச்சி தின்ற பொட்டு ஓட்டைகள் மேஜைமேல் வைத்துப் பார்த்தால் தெரியவே தெரியாது. எலாஸ்டிக்கை காதுக்குப் பக்கத்தில் வைத்து இழுக்கிறார், உள்ளே ரப்பர் செத்துப்போயிருந்தால் மொறுமொறுவென்று சத்தம் வரும். பார்க்கப் புத்தம் புதிதாக இருந்த ஒரு செயற்கைத் தோல் ஜாக்கெட்டை நான் ஆசையாக நீட்டினேன், மடிப்பில் நகத்தை வைத்து லேசாகச் சுரண்டிக் காட்டினார், மேல்பூச்சு செதில் செதிலாக வந்தது. பாலியூரிதேன் பூச்சு காற்றிலுள்ள ஈரத்திலேயே சிதைந்துகொண்டிருக்குமாம், போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் ஒருநாள் உரியத்தான் செய்யும். நிஜத் தோலுக்கு அந்தக் கதி இல்லை, எண்ணெய் காட்டிப் பராமரித்தால் போதும்.

பழைய துணிமேல் அவருக்கு இருக்கிற காதல் இந்த இடங்களில் எட்டிப் பார்க்கும். ஒரு பிளவுஸின் பக்கத் தையலில் ஐஎல்ஜிடபிள்யூயு என்கிற அமெரிக்கத் தையல் தொழிலாளர் சங்கத்தின் சின்ன லேபிள் இருந்தது, ஆளுக்கு முகமே மாறிவிட்டது. அந்தச் சங்கம் 1995-ல் இன்னொன்றோடு இணைந்துவிட்டது, ஆகவே உடை அதற்கு முந்தையது. துவைக்கும் முறை சொல்லும் லேபிளும் இல்லை. அமெரிக்காவில் அது கட்டாயமானது 1972-ல், யாரும் கத்தரித்து எடுக்கவில்லை என்றால் உடை இன்னும் பழையது. லீவைஸ் ஜீன்ஸின் சிவப்புப் பட்டையில் நிறுவனத்தின் பெயரிலுள்ள E பெரிய எழுத்தாக இருந்தால் 1971-க்குப் பிந்தியதாக இருக்காது, நிறுவனமே அந்தப் பாணியை மறுபடி போட்டுத் தயாரித்ததாக இல்லாவிட்டால். எனக்கு இதெல்லாம் கேட்கப் பிடித்திருந்தது. ஆனால் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்துக்கொண்டு கேட்கிறோம் என்பதும் மனசின் ஒரு மூலையில் இருந்தது. அந்த பிளவுஸ் எனக்கு ஏறவும் இல்லை.

என்னுடைய முக்கியமான குறை இங்கேதான். முதல் சுற்றில் அவர் தேர்ந்தெடுத்து அனுப்பிய படங்களில் பாதி, அவருக்குப் பிடித்த உடைகள். அகலக் காலர், பெரிய பூ, பளிச்சென்ற ஆரஞ்சு, 1970-களின் வாசனை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அழகு, அவர் போட்டால் பிரமாதமாக இருக்கும். நான் வாரத்தில் ஐந்து நாள் போகிற அலுவலகத்தில் அதைப் போட்டுக்கொண்டு உட்கார எனக்கு இஷ்டம் இல்லை, முதல் நாள் நிரப்பிக் கொடுத்த படிவத்திலேயே அதை எழுதியும் இருந்தேன். அதைச் சொன்னதும் அவர் வாதாடவில்லை, "ஆமா, இது என்னோட கண்ணு" என்று ஒப்புக்கொண்டு திரும்பத் தேடினார், இரண்டாவது சுற்று சரியாக வந்தது. இந்த ரசனையை வைத்துத் தொழில் தொடங்க நினைக்கிற யாரும் முதலில் கழற்றி வைக்க வேண்டியது இதைத்தான் என்பேன். அபூர்வமான ஒன்றைக் கண்டுபிடிக்கிற சந்தோஷம் தேடுகிறவருக்கு, காசு கொடுக்கிறவருக்கு வேண்டியது திங்கட்கிழமை காலை யோசிக்காமல் எடுத்து மாட்ட ஓர் உடை. தனக்குப் பிடித்த எதையும் வாங்காமல் கடையிலிருந்து வெளியே வரத் தேடுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இப்போது இவருக்கு அது பாதிக்கு மேல் வந்துவிட்டது. என் அலமாரியில் ஏற்கெனவே இருக்கிற மூன்று உடைகளோடாவது சேராத எதையும் வாங்க விடுவதில்லை என்று ஒரு விதி வைத்திருக்கிறார், மலிவாகக் கிடைக்கிறதே என்று நான் கையை நீட்டியபோதெல்லாம் அதைச் சொல்லித்தான் தடுத்தார்.

காசு விஷயம். இந்தத் தொழிலில் சம்பாதிக்கப் பொதுவாகச் சில வழிகள்: நேரத்துக்குக் கட்டணம், துணிமேல் லாபம் வைத்து விற்பது, மாதச் சந்தாவுக்கு ஒரு பெட்டி. இதற்கு முன் நான் போயிருந்த இன்னொருவர் இரண்டாவது வகை. வீட்டில் ஒரு அறை முழுக்கத் துணி வாங்கி அடுக்கி வைத்திருந்தார், என் உடம்புக்கும் நிறத்துக்கும் பொருந்தும் என்று அவர் சொன்னதெல்லாம் என்ன ஆச்சரியமோ அந்த அறையிலேயே இருந்தது. இவர் நேரத்துக்கு மட்டும் வாங்குகிறார். துணிக்கு என்ன விலையோ அதே விலை, பில்லும் கையில். செகண்ட் ஹேண்ட் கடைகளில் பெரும்பாலும் எடுத்ததைத் திருப்பித் தர முடியாது என்பதால், பொருந்தாமல் போனால் நஷ்டம் யாருக்கு என்ற கேள்வி வரும். வாங்கும் முன் படமும் அளவும் அனுப்பி என் சம்மதம் கேட்கிறார். அவர் அனுப்பிய அளவுக்கு மாறாக உடை வந்தால் அவரே எடுத்துக்கொண்டு ஆப்பில் விற்றுக்கொள்கிறார், அளவு சரியாக இருந்தும் எனக்குப் பிடிக்காமல் போனால் அது என் தலையில். நியாயமான ஏற்பாடு.

நியாயமாகப் படாத ஒன்றும் உண்டு. ஒரு கம்பளிக் கோட் கேட்டிருந்தேன், நிறம் இது, நீளம் இவ்வளவு என்று. கடைசிவரை கிடைக்கவில்லை. தேடிய நேரத்துக்கு பில் வந்தது. பழைய துணியில் ஆர்டர் கொடுத்து வரவழைக்க முடியாது, தேடினால் கிடைக்கும் என்ற உத்தரவாதம் யாராலும் தர முடியாது, அவர் நேரம் செலவழித்தது நிஜம், எல்லாம் சரி. ஆனால் கிடைக்காவிட்டாலும் கட்டணம் உண்டு என்பது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் கிடந்தது. அதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். இத்தனை மணிநேரத்துக்கு மேல் என்னைக் கேட்காமல் தேட வேண்டாம் என்று நாமே ஒரு வரம்பு போட்டுக்கொள்வது நல்லது.

சுத்தம் பற்றிப் பலருக்கும் சந்தேகம் இருக்கும். வந்த உடைகள் துவைத்து, நீராவி காட்டித்தான் வந்தன. கம்பளியை மட்டும் காற்றுப் புகாத பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டுத் தருகிறார், அந்துப்பூச்சியின் முட்டையும் புழுவும் சாக அது நல்ல வழி, அருங்காட்சியகங்களிலேயே இந்த முறை உண்டு. ஒரு ஸ்வெட்டரில் மட்டும் பாச்சா உருண்டை வாசனை எவ்வளவு காற்றாட விட்டும் போகவில்லை. சொன்னேன், எடுத்துக்கொண்டார்.

படத் தொகுப்பைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. உடைகளைத் தரையில் பரப்பி எடுத்த படங்கள், கீழே இரண்டு வரி. ஒரு வாரம் பார்த்தேன், அப்புறம் திறக்கவில்லை. நான் போட்டுக்கொண்டு நிற்கிற படங்களாக எடுத்திருந்தால் பயன்பட்டிருக்கும், தரையில் கிடக்கிற சட்டைக்கு வயிறு கிடையாது.

யாருக்கு இது சரிவரும்? நிதானமாக, ஒரு பருவம் முழுக்கக் காத்திருக்க முடிகிறவர்களுக்கு. அடுத்த வாரம் ஒரு விசேஷம், அதற்கு உடை வேண்டும் என்றால் இந்தப் பக்கமே வராதீர்கள். பெரிய சைஸ் போடுகிறவர்களுக்குத் தேர்வு குறைவு என்று அவரே முதலிலேயே சொல்லிவிடுகிறார். ஆண்கள் பகுதியும் சின்னதாகத்தான் இருக்கும், கிழியும்வரை போட்டுவிட்டு அப்புறம் கொடுக்கிறவர்கள் அதிகமாம். ஷூவும் உள்ளாடையும் அவர் தேடித்தருவதில்லை. பூமியைக் காப்பாற்றுவது பற்றி ஒரு வார்த்தை பிரசங்கம் செய்யவில்லை, அதற்காகவே தனியாக ஒரு மதிப்பெண் கொடுக்கலாம்.

நான் திரும்பப் போவேன். அலமாரிச் சோதனையும் தேடலும் மட்டும் எடுத்துக்கொள்வேன், படத் தொகுப்பு வேண்டாம் என்று சொல்லிக் கட்டணத்தைக் குறைக்கக் கேட்டிருக்கிறேன், சரி என்றிருக்கிறார். அந்தக் கம்பளிக் கோட் இன்னும் பட்டியலில் இருக்கிறது, இந்த முறை மணிக்கணக்குக்கு வரம்போடு.