மும்பை போய் வருவதா, குடியுரிமை வரும்வரை இங்கேயே இருப்பதா?

என் கணவருக்குக் கிரீன் கார்டு வந்ததிலிருந்து வீட்டில் போன் ஓயவில்லை. தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள். கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான். ஒருவரிடம் கிரீன் கார்டு இருக்கிறது, இன்னொருவர் ஸ்டேட்டஸ் (சட்டப்படி தங்கும் அனுமதி) போய் அமெரிக்காவுக்குள்ளேயே இருக்கிறார். ஐ-601ஏ விலக்கு (சட்டவிரோதமாகத் தங்கியதற்கு முன்கூட்டியே வாங்கும் மன்னிப்பு) வாங்கிக்கொண்டு மும்பையிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் விசா எடுப்பதா, இல்லை கிரீன் கார்டுக்காரர் குடியுரிமை வாங்கும்வரை பொறுத்திருந்து இங்கேயே ஐ-485 (அமெரிக்காவுக்குள்ளிருந்தே கிரீன் கார்டு கேட்கும் விண்ணப்பம்) போடுவதா? நாங்கள் இரண்டாவதைத்தான் செய்தோம். அதனால் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

முதலில் யாருக்கு இந்தக் கேள்வியே கிடையாது என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் துணை ஏற்கெனவே அமெரிக்கக் குடிமகன், நீங்கள் முறையாக விசாவோடு வந்தவர் என்றால், காலம் கடந்து தங்கியதும் அனுமதியில்லாமல் வேலை பார்த்ததும் ஐ-485-க்குத் தடையில்லை. இங்கேயே போடுங்கள். எல்லை தாண்டி வந்தவர் என்றால் நேர்மாறு. பெரும்பாலோருக்குக் குடிமகன் துணையாக இருந்தாலும் இங்கே போட வழியில்லை, விலக்கு வாங்கி வெளியே போய்த்தான் வர வேண்டும். இடையில் மாட்டிக்கொண்ட எங்களைப் போன்றவர்களுக்குத்தான் இந்தக் குழப்பம்.

எங்கள் கதை இது. கணவர் எச்-1பி வேலை விசாவில் இருந்தார். நீட்டிப்பு மனு 2019 ஜனவரியில் நிராகரிக்கப்பட்டது. அவரை வேலைக்கு வைத்திருந்த கன்சல்டன்சி அதைச் சொன்னது ஆகஸ்டில். கேட்டபோதெல்லாம் 'பெண்டிங்' என்றுதான் பதில். நிராகரித்த மறுநாளிலிருந்தே சட்டவிரோதத் தங்கல் கணக்கில் ஏறுகிறது என்பது எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது. 1996-ல் வந்த சட்டத்தின்படி 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டு வெளியேறினால் மூன்று வருடம் திரும்ப முடியாது, ஒரு வருடம் முடிந்துவிட்டால் பத்து வருடம். ஆனால் அந்தத் தடை உள்ளே இருக்கும்வரை தூங்கிக்கொண்டுதான் இருக்கும். கால் வெளியே வைத்தால்தான் விழிக்கும்.

2020 பிப்ரவரியில் பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் திருமணம். எனக்கு அம்மா வழியாக 2018 டிசம்பரில் கிரீன் கார்டு வந்திருந்தது. கிரீன் கார்டுக்காரரின் துணை ஸ்டேட்டஸ் போனவராக இருந்தால் இங்கே ஐ-485 போட முடியாது. அப்போதுதான் வக்கீல் இரண்டு வழிகளையும் எங்கள் முன் வைத்தார்.

மும்பை வழியைப் பற்றி முதலில். ஐ-601ஏ 2013-ல் வந்த ஏற்பாடு. குடிமக்களின் நெருங்கிய உறவுகளுக்கு மட்டும் இருந்ததை 2016-ல் கிரீன் கார்டுக்காரர்களின் குடும்பத்துக்கும் திறந்துவிட்டார்கள். நல்ல யோசனைதான். விலக்கு கையில் வந்த பிறகு கிளம்பினால் போதும், வருடக்கணக்கில் ஊரில் காத்துக் கிடக்க வேண்டாம். ஆனால் விண்ணப்பதாரரின் துணைக்கோ பெற்றோருக்கோ 'மிகக் கடுமையான கஷ்டம்' வரும் என்று நிரூபிக்க வேண்டும். எங்களுக்கு 2021-ல் மகள் பிறந்தாள். அவள் படும் கஷ்டம் நேரடியாகக் கணக்கில் வராது, அவள் கஷ்டத்தைப் பார்த்து நான் படும் கஷ்டம் மட்டும் வரும். பிரிவின் சாதாரணத் துயரம் போதாது என்றும் சொல்கிறார்கள். மருத்துவச் சீட்டு, மனநல மருத்துவர் அறிக்கை, வீட்டுக்கடன் கணக்கு என்று ஒரு மூட்டை சேர்க்க வேண்டும். மறுத்துவிட்டால் மேல்முறையீடு கிடையாது, புதிதாகத்தான் போட வேண்டும்.

டெக்சாஸில் எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பதி இந்த வழியில்தான் போனார்கள். 2021-ல் போட்டு, மூன்று வருடத்துக்கு மேல் காத்திருந்து விலக்கு கிடைத்தது. மும்பையில் நேர்காணல் சுமுகமாக முடிந்து ஆறே வாரத்தில் திரும்பிவிட்டார். இந்தப் பக்கத்துக்கு எனக்குத் தெரிந்த அனுபவம் இந்த ஒன்றுதான், அதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

அப்படியானால் நாங்கள் ஏன் போகவில்லை? பணமோ காலமோ காரணமில்லை. எங்களைப் பயமுறுத்தியது விமானம் ஏறும் அந்த ஒரு நாள்தான்.

ஐ-601ஏ மன்னிப்பது சட்டவிரோதத் தங்கலை மட்டும். மும்பையில் அதிகாரி வேறு ஏதாவது ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தால், கையில் இருக்கும் விலக்கு தானாகவே ரத்தாகிவிடும். பிறகு ஐ-601 என்ற வேறு படிவத்தை ஊரிலிருந்து போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வக்கீல் எங்களிடம் கேட்டது ஒரே கேள்வி: "முதல் விசாவுக்குக் கன்சல்டன்சி என்னென்ன காகிதம் கொடுத்தது, எல்லாம் தெரியுமா?" கணவர் என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியாது. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டிருந்தார், அவ்வளவுதான். அனுபவச் சான்றிதழில் ஒரு வருடம் கூடுதலாக எழுதியிருந்தால்கூட அதைப் பொய்த் தகவல் என்று எடுத்துக்கொள்ளலாம். அது ஆயுள் தடை, அதற்கு விலக்கு தனி.

இங்கே போட்டால் அந்தக் கேள்வி வராதா என்று கேட்கலாம். தாராளமாக வரும். ஆனால் வரும்போது அவர் வீட்டில் இருப்பார், மகள் பக்கத்தில் இருப்பாள், தேவையான விலக்கை இங்கிருந்தே போடலாம். அங்கே வந்தால் அவர் ஊரில், நாங்கள் நியூ ஜெர்சியில். என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு வித்தியாசம் மற்ற எல்லாக் கணக்கையும் அடித்துவிட்டது. தன் பழைய விண்ணப்பங்கள் அத்தனையும் தன் கண் பார்த்து நிரப்பியவை என்று சத்தியம் செய்யக் கூடியவருக்கு இந்தப் பயம் பாதிகூட இருக்காது.

காலக் கணக்கும் பார்த்தோம். கிரீன் கார்டு வந்து நாலே முக்கால் வருடத்தில் குடியுரிமைக்குப் போடலாம். எனக்கு அது 2023 செப்டம்பர். ஐ-601ஏ போட்டாலும் ஏறக்குறைய அதே அளவு காத்திருப்புதான். அதுவும் போதாதென்று, பல வருடமாகத் தடையில்லாமல் இருந்த எஃப்2ஏ (கிரீன் கார்டுக்காரர்களின் துணைக்கான விசா) வரிசை 2023 ஏப்ரலில் பின்னுக்குப் போனது.

ஆனால் காத்திருப்பை நான் இனிப்பாகச் சொல்லப் போவதில்லை. நாலு வருடம் அவர் வேலைக்குப் போகவில்லை, என் ஒரு சம்பளத்தில்தான் வீடு ஓடியது. 2021 மே முதல் நியூ ஜெர்சியில் ஸ்டேட்டஸ் இல்லாதவர்களுக்கும் ஓட்டுநர் உரிமம் கொடுக்க ஆரம்பித்ததால் மகளை டாக்டரிடமாவது கூட்டிப் போக முடிந்தது. டெக்சாஸ் நண்பருக்கு அதுவும் இல்லை. 2022 ஐப்பசியில் காரைக்குடியில் மாமனார் காலமானார். மூத்த மகன் இவர். கொள்ளி வைத்தது தம்பி. அதிகாலை மூன்று மணிக்குப் போனைச் சமையல் மேடையில் சாய்த்து வைத்துவிட்டு நின்றபடியே பார்த்தார். மும்பை வழியில் விண்ணப்பம் நிலுவையில் இருந்தாலும் அன்று போயிருக்க முடியாது, அது உண்மை. ஆனாலும் அந்த வாரம் நாங்கள் எடுத்த முடிவு சரி என்று என்னால் அவரிடம் சொல்ல முடியவில்லை.

2024 பிப்ரவரியில் நான் குடியுரிமை உறுதிமொழி எடுத்தேன். ஏப்ரல் 1 முதல் கட்டணம் ஏறுகிறது என்று மார்ச் கடைசி வாரத்தில் அவசர அவசரமாக ஐ-485 போட்டோம். அன்று 1,225 டாலரில் வேலை அனுமதி விண்ணப்பமும் அட்வான்ஸ் பரோல் (கார்டு வரும் முன்பே வெளிநாடு போய்த் திரும்ப வாங்கும் அனுமதி) விண்ணப்பமும் அடக்கம். ஏப்ரலில் ஐ-485 மட்டுமே 1,440 ஆனது, மற்ற இரண்டுக்கும் தனிக் கட்டணம். ஐ-601ஏ 795 டாலர், விசா கட்டணமும் விமானச் செலவும் தனி. எந்தப் பக்கம் போனாலும் வக்கீல் கட்டணத்துக்கு முன்னால் இதெல்லாம் சில்லறை.

நான்கு மாதத்தில் வேலை அனுமதி வந்தது. அட்வான்ஸ் பரோலில் போய் வந்தால் அது தூங்கும் தடையை எழுப்பும் 'வெளியேற்றம்' ஆகாது என்று 2012-ல் ஓர் இந்தியத் தம்பதியின் வழக்கில் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் தீர்ப்பளித்திருக்கிறது. வக்கீலும் போகலாம் என்றார். எங்களுக்குத்தான் துணிச்சல் வரவில்லை. கார்டு வந்த பிறகே டிக்கெட் போட்டோம். திருமணமாகி இரண்டு வருடம் தாண்டியிருந்ததால் நேராகப் பத்து வருடக் கார்டு.

2025-ல் நிலைமை இறுகியிருக்கிறது. ஸ்டேட்டஸ் இல்லாமல் இருப்பது நாங்கள் இருந்த காலத்தைவிட ஆபத்தானது. குடியுரிமைக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது என்றால் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் ஐ-601ஏ நிலுவையில் இருப்பதும் பாதுகாப்பு இல்லை. அது வேலை அனுமதியும் தராது, நாடுகடத்தலையும் தடுக்காது.

எந்த வழி என்றாலும் உறவை நிரூபிக்கும் ஐ-130 மனுவை இப்போதே போட்டுவிடுங்கள். இரண்டுக்கும் அதுதான் அடிப்படை. கிரீன் கார்டில் இருக்கும்போது போட்ட மனு, குடியுரிமை வந்ததும் தானாகக் குடிமகனின் துணைக்கான மனுவாக மாறிவிடும். எங்களுடையது 2020-ல் போட்டது. 2024-ல் ஐ-485 போடும்போது அதன் ஒப்புதல் காகிதத்தோடு என் குடியுரிமைச் சான்றிதழின் நகலையும் வைத்தோம், மறுபடி ஐ-130 போட வேண்டியிருக்கவில்லை.